ஏழாம் கண்ணில் ஒரு விரிசல்

வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவருடைய பெயர் வழங்கியதில்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் பசையக்கா. இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. உள்ளங்கை அகலப் படிகத்தின் முதுகில், ஒரு குமிழ்கூட இல்லாமல், ஒளி எண்ணும் கருவியை ஒட்ட வேண்டும்.

பார்க்க எளிதாக இருக்கும். அந்தப் படிகம் பெரிய கற்கண்டு வில்லை மாதிரி இருக்கும், ஆனால் மூச்சுக்காற்றின் ஈரம் பட்டாலே பாழாகிவிடும். அதனால் அலுமினியக் குப்பிக்குள் அடைத்து ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி வைத்திருப்பார்கள். வானத்திலிருந்து காமாக் கதிர் வந்து படிகத்தில் பட்டால் உள்ளே மினுக்கென்று ஒரு சின்ன வெளிச்சம் வரும். கண்ணாடி வழியாக அதைப் பார்த்து எண்ணுவதுதான் பின்னால் ஒட்டும் கருவியின் வேலை. பசையில் ஒரு குமிழ் இருந்தால் அந்த அளவுக்கு வெளிச்சம் வீண். பசையக்கா மோதிரம்கூடப் போடுவதில்லை. ஒட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். "அக்கா ஒட்டினா கோர்ட்டுக்குப் போனாலும் பிரிக்க முடியாது" என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். அவருடைய கணவர் அச்சகத்தில் புத்தகம் பைண்டிங் செய்பவர். "ரெண்டு பேரும் பசையிலதான் பொழைக்கிறோம். நமக்குள்ள மட்டும் ஒட்டாமப் போயிடுமா?" என்று வீட்டில் அவர் சொல்லும் பழைய ஜோக்குக்கு மனைவி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பு நின்றுபோன நாள் பசையக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து இருபது.

செயற்கைக்கோள் ஒன்றில் வைக்க அப்போது பன்னிரண்டு படிகங்கள் தயாராகிக்கொண்டிருந்தன. அவற்றைக் கண்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும். வானத்தில் எங்கிருந்தோ காமாக் கதிர் பாய்ந்தால், எந்தக் கண்ணில் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று ஒப்பிட்டு, அது வந்த திசையைக் கண்டுபிடிப்பார்கள். அன்றைக்கு ஒட்டியது ஏழாம் கண். ஒட்டிய பிறகு ஓவனில் இளஞ்சூட்டில் வைத்து, பிறகு மணிக்கு நாலைந்து டிகிரி வீதம் மெதுவாகக் குளிரவிட வேண்டும். அவசரப்பட்டால் படிகம் தாங்காது. ஓவனில் வைத்தவரே கிட்ட இருந்து வெளியே எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி.

மதியம் கரண்ட் போனதில் ஓவனின் கணக்கு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போயிருந்தது. ஏழு மணி வரை காத்திருக்க வேண்டும். அலுவலகப் பேருந்து ஐந்தரைக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் இரண்டு பேருந்து மாறி, நின்றுகொண்டே போக வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லை. வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை, எந்த அவசரமும் இல்லை. பின்னாளில் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தும் அவருக்கு ஒரு பெரிய காரணம் அகப்படவில்லை. கால் வலித்தது, பேருந்து போய்விடும், அவ்வளவுதான்.

சீக்கிரம் ஆறட்டும் என்று ஓவன் கதவை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்தார்.

"டிக்."

வெந்நீர் ஊற்றிய கண்ணாடி டம்ளர் விரிசல் விடுமே, அப்படி ஒரு சத்தம். தூசி புகாத அந்தச் சுத்த அறையில் வேறு யாரும் இல்லை. காற்று வடிகட்டும் இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பசையக்கா அசையாமல் நின்றார். கதவைச் சாத்தினார். சாத்தி என்ன பயன்? கருவி ஒட்டிய பக்கம், அதைச் சுற்றியிருக்கும் சின்ன இடைவெளியில் கண்ணாடி வழியாகப் படிகம் தெரியும். கதவை மறுபடி திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். தலைமுடி மாதிரி ஒரு கோடு. டார்ச்சைத் திருப்பினால் மறைந்தது, திரும்ப அடித்தால் தெரிந்தது. 'வெறும் பிரதிபலிப்பு' என்று மனசு சொன்னது. மறுநாள் சோதித்தபோது எண்ணிக்கை குறைவாகத்தான் வந்தது, ஆனால் அனுமதித்த எல்லைக்குள், விளிம்பை ஒட்டி வந்தது. 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு கண்களையும் ஏவுதளத்துக்கு எடுத்துப் போனவர் பெட்டிக்காரர். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அதன் உருவத்துக்கே பஞ்சு வெட்டி, மரப்பெட்டி செய்து, பிள்ளையைத் தூக்கிப்போவது போலக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒப்பந்தக்காரர். லாரி ஓட்டியது அவருடைய அக்கா மகன். வழியில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வர, லாரி சட்டென்று நின்றது. பெட்டிக்கு வெளியே ஒட்டியிருந்த, அதிர்ச்சி பட்டால் நிறம் மாறும் வில்லை சிவந்துவிட்டது. போய்ச் சேர்ந்ததும் சோதித்தார்கள். ஏழாம் கண் மட்டும் மங்கல்.

விசாரணை நடந்தது. நீண்ட மேசை, தண்ணீர் பாட்டில்கள், எதிரே மூன்று அதிகாரிகள். பெட்டிக்காரர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க கையை விட்டுப் போகும்போது ஏழாம் நம்பர் எப்படி இருந்துச்சு?" என்று பசையக்காவைக் கேட்டார்கள்.

பெட்டிக்காரர் அவரையே பார்த்தார், சந்தேகமில்லாமல், சாட்சி சொல்ல வந்தவரைப் பார்க்கிற மாதிரி.

"நல்லா இருந்துச்சு" என்றார் பசையக்கா.

அதோடு பெட்டிக்காரரின் ஒப்பந்தம் போனது. மாற்றுக் கண் செய்ய நேரமில்லை. ஏவும் தேதி குறித்தாகிவிட்டது. ஏழாம் கண் எல்லாத் திசையிலும் ஒரே அளவு மங்கல் என்று வைத்துக்கொண்டு, கணக்கில் அதைச் சரிக்கட்டி, செயற்கைக்கோளை அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பசையக்காவின் வாழ்க்கை ஒரு கடிகாரத்தோடு கட்டப்பட்டுவிட்டது. செயற்கைக்கோள் ஒன்றரை மணிக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றும். வெயிலில் சூடாகும், நிழலில் குளிரும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த விரிசல் ஒரு மயிரிழை நீளும் என்று அவர் நினைத்தார். காய்கறி நறுக்கும்போது, பேருந்தில் போகும்போது, 'இப்போது வெயில், இப்போது நிழல்' என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மேலதிகாரி கூப்பிட்டால் ஏழாம் கண்ணைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்வார். சுடுதண்ணீர் ஊற்ற வீட்டில் எவர்சில்வர் டம்ளரைத் தவிர வேறெதையும் எடுக்கமாட்டார். "உனக்கு என்னதான் ஆச்சு? பேய் அறைஞ்ச மாதிரி இருக்க" என்று கணவர் கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க, தலைவலி" என்பார். மூன்று வருடமாக அந்த ஒரே தலைவலி.

அந்தத் திட்டத்தின் தலைமை விஞ்ஞானி ஐம்பது தாண்டிய ஒரு பெண்மணி. எல்லோருக்கும் மேடம். தேநீர் நேரத்தில் பணியாளர்களோடு உட்கார்ந்து பேசுகிற பழக்கம் உண்டு. ஒருமுறை யாரோ கேட்டார்கள், இந்தக் காமா வெடிப்பு எங்கிருந்துதான் வருகிறது என்று.

"நம்ம சூரியனைப் போல இருபது முப்பது மடங்கு எடையுள்ள நட்சத்திரம்னு வெச்சுக்கோங்க" என்றார் மேடம். "உள்ளே எரியற வரைக்கும் அந்தச் சூடு அதைத் தாங்கிப் பிடிக்கும். நடுவுல எரிய ஒண்ணும் மிச்சமில்லைன்னா, தன் எடையைத் தானே தாங்க முடியாம உள்பக்கமா விழுந்துடும். நடுப்பாகம் விழறதுக்கு ஒரு விநாடிகூட ஆகாது. அங்கே ஒரு கருந்துளை உண்டாகும். சுத்திட்டிருக்கிற மிச்சமெல்லாம் அதுக்குள்ள பாயும்போது, மேலேயும் கீழேயும் ரெண்டு தாரை பீச்சிக்கிட்டு நட்சத்திரத்தையே துளைச்சு வெளியே வரும். அந்தத் தாரை நம்மை நோக்கி இருந்தா, நமக்குக் காமா வெடிப்பு."

"வெளியே இருந்து பார்த்தா தெரியாதா மேடம், உள்ளே விழுந்தது?"

"தாரை வெளியே வர்ற வரைக்கும் தெரியாது. மேற்பரப்பு அமைதியா எப்பவும் போல பிரகாசிச்சுக்கிட்டு இருக்கும். உள்ளே எல்லாம் முடிஞ்சு போயிருக்கும்."

பசையக்கா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"பக்கத்துல எங்கேயாவது வெடிச்சா?" என்று இன்னொருவர் கேட்டார்.

"ரொம்பப் பக்கத்துல வெடிச்சு, தாரை நேரா நம்ம மேலயும் பட்டா, நம்மளைக் காப்பாத்தற காத்து மண்டலம் கெட்டுப்போகும். அப்படி ஆபத்தா எதுவும் பக்கத்துல இருக்கிறதாத் தெரியல. பயப்படாதீங்க." மேடம் சிரித்தார். மற்றவர்களும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள்.

நான்காம் வருடத் தொடக்கத்தில், ஒரு காலை பதினொரு மணிக்கு அது வந்தது. நாற்பது விநாடி நீண்ட வெடிப்பு. அந்தச் செயற்கைக்கோள் அதுவரை பார்த்ததிலேயே மிகவும் பிரகாசமானது. தாழ்வாரத்தில் ஆட்கள் ஓடினார்கள். கணினிகள் திசையைக் கணித்தன. மற்ற நாடுகளின் தொலைநோக்கிகளுக்குச் செய்தி பறந்தது. இந்தத் திசையில் தேடுங்கள், வேகமாக மங்கிக்கொண்டே போகும் ஒரு புதிய ஒளிப்புள்ளி இருக்கும்.

தேடினார்கள். ஒன்றும் இல்லை.

பசையக்காவுக்கு விவரம் மதிய உணவு மேசையில்தான் தெரிந்தது. வெடிப்பை நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தது ஏழாம் கண். கணக்கில் பாதிக்கு மேல் அதன் எண்ணிக்கையை நம்பித்தான் நின்றது. அவர் வாயில் போட்டதை விழுங்க முடியாமல் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார்.

மறுநாளும் ஒன்றும் அகப்படவில்லை. வேறொரு நாட்டுக் குழு எழுதியிருந்தது, அது நட்சத்திரம் இடிந்து விழுந்ததே இல்லை, செத்துப்போன இரண்டு சின்ன நட்சத்திரங்கள் மோதியதாக இருக்கலாம் என்று. மேடம் தாழ்வாரத்தில் நின்று உதவியாளரிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"இது பெரிய நட்சத்திரம்தான். இவ்வளவு பிரகாசம்னா, வானக் கணக்குக்கு அது பக்கத்துலதான் இருக்கு. இடம் கிடைச்சா ரெண்டு வாரத்துல அதே இடத்துல சூப்பர்நோவா வெளிச்சம் எழும்பறதைப் பார்க்கலாம். நட்சத்திரம் சிதறினதுக்கு அதைவிட சாட்சி வேண்டாம். ஆனா எங்கே பார்க்கச் சொல்றது? இன்னும் ஒரு நாள், ரெண்டு நாள். அந்தப் புள்ளி மங்கிடுச்சுன்னா அப்புறம் யாராலயும் தேட முடியாது."

பசையக்கா கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மூன்று பயம் ஒரே நேரத்தில் வந்தது. சொன்னால் வேலை போகும். விசாரணையில் பொய் சொன்னதற்கு வழக்குகூட வரலாம். சொல்லாவிட்டால் ஏழாம் கண்ணின் கணக்கு எங்கே தப்புகிறது என்று யாருக்கும் தெரியாது. நாளைக்குள் அந்தப் புள்ளி போய்விடும், பிறகு சொல்லியும் பயனில்லை. மூன்றாவது, பெட்டிக்காரரின் முகம். இத்தனை வருடமும் அதைத்தான் நினைக்காமல் இருக்கப் பார்த்தார். முகத்தைக் கழுவினார். கதவைத் திறந்தார். கால்கள் மேடத்தின் அறைக்குப் போயின. அவராக நடந்த மாதிரி இல்லை.

மேடம் வானப் படம் விரிந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்ன பசையக்கா?"

"மேடம், ஏழாம் கண்ணு லாரியில உடையல."

"என்ன சொல்றீங்க?"

"நான்தான் உடைச்சேன். ஓவனைச் சீக்கிரமாத் திறந்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு. சத்தம் கேட்டுச்சு, கோடும் பார்த்தேன். சரின்னு எழுதிட்டேன். விசாரணையிலயும் பொய்தான் சொன்னேன்."

மேடம் எழுந்து கதவைச் சாத்தினார். கன்னத்தில் அறை விழும் என்று பசையக்கா காத்திருந்தார். உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

"விரிசல் எந்தப் பக்கம்?"

"மேடம்?"

"எந்தப் பக்கம் இருந்துச்சு? எங்கே ஆரம்பிச்சு எங்கே முடிஞ்சுது? நல்லா யோசிச்சு, நிதானமா வரைஞ்சு காட்டுங்க." ஒரு தாளும் பென்சிலும் அவர் முன்னால் வந்தன.

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் பார்த்துக்கொண்டிருந்த கோடு அது. வட்டம் போட்டு, திசை தெரிவதற்காகக் குப்பியின் விளிம்பில் இருக்கும் வெட்டைக் குறித்து, கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் இடத்திலிருந்து ஐந்து மணி இருக்கும் இடத்துக்கு ஒரு கோடு இழுத்தார்.

மேடம் அதை வெகுநேரம் பார்த்தார். "அப்போ அது எல்லாத் திசையிலயும் ஒரே மாதிரி மங்கல் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "வலது பக்கத்துலேர்ந்து வர்றது மட்டும்தான் குறையுது. நாம இவ்வளவு நாளா ரெண்டு பக்கமும் சேர்த்துச் சரிக்கட்டிட்டு இருந்திருக்கோம்." பிறகு நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இப்போதுதான் வந்திருந்தது. கத்தவில்லை. அதுதான் பசையக்காவை இன்னும் பயமுறுத்தியது.

"ஒரு மனுஷனோட வேலை போச்சு. அதைப் பத்தி நான் சும்மா இருக்கப் போறதில்ல, தெரியுதா? இப்ப வீட்டுக்குப் போங்க. கூப்பிடற வரைக்கும் வர வேண்டாம்."

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் தைத்துக்கொண்டிருந்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில், "என்கிட்டகூடச் சொல்லலையே நீ" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் அவரே சமைத்து வைத்தார்.

மறுநாள் மேடத்தின் உதவியாளர் தொலைபேசியில் சொன்னார். புதிய கணக்கு பழைய இடத்திலிருந்து ஆறு டிகிரி தள்ளி விழுந்திருக்கிறது. அங்கே ஒரு தொலைநோக்கி மங்கலான புள்ளி ஒன்றைப் பிடித்திருக்கிறது. அதற்கு முன் அங்கே எதுவும் இருந்ததில்லை. அந்த வெளிச்சம் ஐம்பது கோடி வருடம் நடந்து வந்திருக்கிறது. இனி காத்திருக்க வேண்டியதுதான். புள்ளி மங்கியபின் அதே இடத்தில் சூப்பர்நோவா எழும்பினால், இடிந்து விழுந்தது நட்சத்திரம்தான். எழும்பாவிட்டால், இடமே தப்பாக இருக்கலாம். வரைந்த கோடே தப்பாக இருக்கலாம்.

பசையக்காவின் வாழ்நாளிலேயே நீளமான பதினொரு நாட்கள் அவை. பூட்டிய வீட்டில் உட்கார்ந்திருந்தார். தெருவில் வண்டி நின்றால் திரைச்சீலை ஓரமாக எட்டிப் பார்த்தார். 'ஞாபகத்தில் பிசகியிருந்தால்? இரண்டு மணியா, மூன்று மணியா?' வரைந்து வரைந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே கோடுதான் வந்தது, ஆனாலும் நம்ப முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை மேடமே கூப்பிட்டார்.

"வந்துடுச்சு. நாளுக்கு நாள் பிரகாசம் கூடிக்கிட்டே இருக்கு. ஒளியைப் பிரிச்சும் பார்த்துட்டாங்க. சந்தேகமே இல்ல, பெரிய நட்சத்திரம்."

பசையக்கா அழுதார். மேடம் அது ஓயும் வரை காத்திருந்தார். பிறகு அதே குரலில், விசாரணை மறுபடி நடக்கும் என்றும், பெட்டிக்காரர் மேல் தவறில்லை என்று எழுத்தில் போகும் என்றும், இனி படிகத்தைத் தொடும் வேலை அவருக்கு இல்லை என்றும் சொன்னார். "ஆனா கடிதம் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி நீங்களே நேர்ல போய்ச் சொல்லிடுங்க. அது என் உத்தரவு இல்ல. நான் உங்க இடத்துல இருந்தா போயிருப்பேன்."

பெட்டிக்காரர் இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். ஜன்னல் கண்ணாடிகளுக்கு இடையே அட்டை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டிருந்தது. "அட, வாங்கம்மா" என்று எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதையே பசையக்காவுக்குத் தாங்கவில்லை. உட்காராமல், நின்றுகொண்டே சொன்னார். ஓவன், சத்தம், கோடு, கையெழுத்து, விசாரணை. ஒன்றையும் விடவில்லை.

பெட்டிக்காரர் கட்டிக்கொண்டிருந்த கயிறு கையிலேயே இருந்தது.

"அந்தப் பெட்டிக்கு எட்டு நாள் பஞ்சு வெட்டினேன்" என்றார் கடைசியில். "எங்கே தப்புப் பண்ணோம்னு இன்னிக்கு வரைக்கும் நெனைச்சுப் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். அப்புறம் லாரி ஓட்டினவன்மேல பழியைப் போட்டேன். நீ பிரேக் போட்டதாலதான்டான்னேன். என் அக்கா மகன். அவனோட பேசி நாலு வருஷமாச்சு. அவன் கல்யாணத்துக்குக்கூட நான் போகலம்மா."

"மன்னிச்சிடுங்கண்ணே."

"எங்கிட்டக் கேட்டா போதுமா?" சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். எண்ணைத் தேட வெகுநேரம் ஆயிற்று. அழுத்திவிட்டு, அதைப் பசையக்காவிடம் நீட்டினார். "எனக்குச் சொல்ற தைரியம் இல்ல. நீங்களே சொல்லுங்க."

மணி அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் எடுக்கக் கூடாதே என்று பசையக்கா ஒரு நொடி வேண்டிக்கொண்டார்.

"ஹலோ?" லாரி இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண்குரல்.

பசையக்கா எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அந்தப் பக்கம் இரைச்சல் குறைந்தது. வண்டியை ஓரம் கட்டியிருக்க வேண்டும்.

"மாமா பக்கத்துல இருக்காரா?" என்று அந்தக் குரல் கேட்டது.

"இருக்காரு."

"அவர்கிட்ட குடுங்க."

பெட்டிக்காரர் கைப்பேசியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "இப்ப எந்த ரூட்டுல ஓட்டற?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பி, தோளைக் கண்ணாடிச் சட்டத்தில் சாய்த்துக்கொண்டார். ஒரு கை மட்டும் பின்னால் பசையக்காவை நோக்கி அசைந்தது. உட்காரச் சொல்கிறாரா, போகச் சொல்கிறாரா என்று அவருக்குத் தெரியவில்லை. துடைத்துப் போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.